நான்கெல்லைக்கு உட்பட்ட சைக்கிள்

பாளையங்கோட்டை,
ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி மாதம்.

தருமபுரியில் வங்கி உத்தியோகத்தில் மேன்மையுடன் விளங்கிவரும் சிரஞ்சீவி மைத்துனன் கோமதிசங்கருக்கு, உன் அக்காள் பிரம்மநாயகியின் கணவனும், பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து இந்த வைகாசியில் ஓய்வு பெற்றவனுமாகிய அத்தான் தில்லைநாயகம், பிறர் தூண்டுதல் இன்றியும் பூரண சுயநினைவோடும் எழுதிக்கொண்டது. நெல்லையப்பர் காந்திமதியம்மை கிருபையால் இங்கே மழையும் மின்சாரமும் முறை வைத்துக்கொண்டு வந்து போகின்றன. அங்கே நீயும் விஜயஸ்ரீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சௌக்கியமா என்று நீ கேட்டால், எனக்கே விளங்கவில்லை. யாரிடமாவது விவரமாகச் சொன்னால் விளங்குமோ என்றுதான் இந்தக் கடிதம்.

விஷயம் உன் சைக்கிளைப் பற்றியது. பதறாதே. சைக்கிள் இருக்கிறது. களவு போகவில்லை. அதன் உறுப்புகளும் அவற்றில் நான் ஒட்டிய சீட்டுகளும் எல்லாம் நம் மதிலுக்கு உட்பட்டே கிடக்கின்றன, காக்கை கொண்டுபோனதையும் கிணற்றுக்குள் விழுந்ததையும் தவிர. ஆனால் சைக்கிளால் வந்த வினை சைக்கிளோடு நிற்கவில்லை. உன் அக்காள் என்னை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒருத்தன் மனது வைத்தால்தான் என் குடும்பம் நிலைக்கும். ஆகையால் அவசரப்படாமல், நடுவில் எழுந்து காப்பி குடிக்கப் போகாமல் முழுவதையும் படி.

ஆடி மாதம் உனக்கு மாற்றல் உத்தரவு வந்து, நீ வண்டியை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று நான் தூத்துக்குடியில் இருந்தேன், சங்கரி குடிபோன வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுத. பெற்ற மகளுக்கு நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது? திரும்பி வந்தபோது உன் வண்டி பின்னறையில் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது. பிறர் சொத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. உத்தியோக காலம் முழுவதும் ஊரார் சொத்தைப் பற்றி எழுதித் தள்ளினேனே தவிர ஒரு சொத்தையாவது நேரில் போய்ப் பார்த்ததில்லை. ஆவணிக் கடைசியில் உன் கடிதம் வந்தது. தீபாவளிக்கு வரும்போது வண்டியை ரயிலில் போட்டுக் கொண்டுபோகப் போகிறேன், அதற்குள் நூகு சைக்கிள் கடையில் விட்டு ஒரு ஓவராயில் பார்த்து வையுங்கள், வண்டி புதுசு மாதிரிதான் இருக்கிறது, டைனமோ விளக்கு ஜோராக எரிகிறது, இரண்டு டியூபும் இப்போதுதான் மாற்றினேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். மாப்பிள்ளை, நீ எழுதிய இந்த வாசகங்களை மறந்துவிடாதே. பின்னால் இவற்றின் பேரில் உன்னை விசாரிக்கப் போகிறேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சைக்கிளை வீட்டிலேயே கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டால் கடைக்குக் கொட்டிக் கொடுக்கும் கூலி அப்படியே மிச்சம், கொஞ்சம் பொறுமையும் ஒரு ஸ்பேனரும் போதும் என்று எழுதியிருந்தார்கள். பொறுமை என்னிடம் ஏராளம். ஸ்பேனரை எதிர்வீட்டு ஞானசௌந்தரி டீச்சரிடம் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லித் தருகிறவர்கள் ஆதலால் அவர்களிடம் இந்த மாதிரிச் சாமான்கள் எப்போதும் இருக்கும். உன் அக்காளிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நூகு அண்ணாச்சிட்ட விட்டா ஒரு பகல்ல பாத்துத் தந்துருவாவ" என்றாள். அதோடு விடாமல் நான் முன்பு பழுது பார்த்த மிக்ஸியை ஞாபகப்படுத்தினாள். அந்த மிக்ஸிக்கு என்ன குறை? இன்றைக்கும் ஓடுகிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. பிறகு அவள் என்னையும் ஸ்பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு நாள் பொறுங்க. நாள் நல்லா இல்ல" என்றாள். நல்ல காரியம்தானே என்று பொறுத்தேன்.

பொறுத்து, ஜமுக்காளத்தை விலக்கினேன். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. இதுவா புதுசு மாதிரி? மட்கார்டு அப்பளம் போல விரலில் உதிர்கிறது. சீட்டுக்குள்ளிருந்து சுருள் கம்பி ஒன்று எட்டிப் பார்த்து யார் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்கிறது. டைனமோ எங்கே? டைனமோ இருந்த தடயமாவது எங்கே? மட்கார்டின் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாகப் பதினான்கு என்று எழுதி வைத்திருக்கிறாய். வங்கியில் டோக்கன் கொடுத்துப் பழகிவிட்டது சரிதான், அதற்காக வாகனத்துக்குமா? டியூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கினேன். எங்கே ஓட்டை என்று தேட அவசியம் இல்லை, எங்கே டியூப் என்றுதான் தேட வேண்டியிருந்தது. அத்தனை ஒட்டு. "உன் தம்பி வாயைத் திறந்தால் பொய்தானா?" என்று உன் அக்காளிடம் கேட்டேன். வழக்கமாக உன்னை ஒரு சொல் சொன்னால் என்னைப் பத்துச் சொல் சொல்லுகிறவள், அன்று, "ஆத்துக் காத்து பட்டா துருப் பிடிக்கத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடப் பிறந்தவனின் லட்சணம் தெரிந்து வெட்கப்படுகிறாள் என்று நானும் அத்தோடு விட்டேன்.

இனி வேலையைச் சொல்கிறேன். கண்டதைக் கண்டபடி கழற்றிப் போடுகிறவன் நான் இல்லை. ஒரு மனையைப் பத்திரத்தில் எழுதும்போது எப்படி எழுதுவோம்? இன்னாருடைய வீட்டுக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட என்று எழுதிவிட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும். அதே முறையைக் கையாண்டேன். முற்றத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, வடக்கே கிணறு, தெற்கே அடுக்களை வாசல், கிழக்கே செம்பருத்தி, மேற்கே கொடிக்கம்பி என்று எல்லை குறித்தேன். ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதச் சீட்டு ஒட்டினேன். 'கிழக்கு மிதி. செம்பருத்திக்கு மேற்கு, செயினுக்குக் கிழக்கு' என்று வாசித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். "வலது இடதுன்னு எழுதினா போதும்லா?" என்று உன் அக்காள் கேட்டாள். பைத்தியக்காரி, நான் திரும்பி நின்றால் என் வலது இடதாகிவிடும், கிழக்கு எங்கே போகும், சூரியன் உள்ள மட்டும் கிழக்கு கிழக்குத்தான் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். நான் அவள் வாயை அடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அதுதான்.

கோந்து வாங்குவது வீண் செலவு என்று சீட்டுகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தேன். அன்று மகாளய அமாவாசை. காலையில்தான் குறுக்குத்துறை ஆற்றில் முங்கி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்திருந்தேன். உன் அக்காள் மதில்மேல் இலைத்துண்டில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோற்றை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். வந்தது. இலையை ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நேராக முற்றத்தில் இறங்கி, மேற்கு மிதியின் சீட்டைப் பருக்கையோடு கொத்திக்கொண்டு பறந்தது. கையை ஓங்கினேன். "ஐயோ, விரட்டாதீய! மாமாலா வந்திருக்காவ!" என்று அவள் அலறினாள். அமாவாசையும் அதுவுமாகப் பசியோடு வந்த அப்பாவைக் கல்லால் அடிக்கிற மகன் எந்த ஊரில் உண்டு? ஓங்கிய கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா மறுபடி வந்தார். சித்தப்பாமாரையும் கூட்டிவந்தார். என் கண்முன்னாலேயே கிழக்கும் மேற்கும் ஒவ்வொன்றாக வேப்பமரத்துக்குப் போயின. உயிரோடு இருந்த காலத்திலும் அப்பா என் காகிதங்களை நிம்மதியாக வைக்க விட்டதில்லை.

போனது போக மிச்சமிருந்த சீட்டுகளையும் என் ஞாபகத்தையும் நம்பினேன். எண்ணெய்க்கு வருவோம். கிரீஸ் என்பது கொள்ளை விலை. மாட்டுவண்டி அச்சுக்கு நம்மவர்கள் என்ன போட்டார்கள்? விளக்கெண்ணெய்தானே? அதையே ஊற்றினேன். எறும்புகள் தேரோட்டத்துக்கு வருவது போலத் திரண்டு வந்தன. அவற்றைப் போக்க மண்ணெண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் நாற்றத்தைப் போக்கச் சக்கரம் இரண்டையும் ஆற்றில் அலசிவிடலாம் என்று பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு சக்கரமும் கையில இருக்கு, பொறவு எதுக்கு வே பஸ்ல ஏறுதீரு?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. போன வருஷ வெள்ளத்தில் கரையோரம் தேங்கிய மணல் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதில் பாதி அச்சுக்குள் ஏறிவிட்டது.

வெயில் வந்த ஒரு நாள் உன் அக்காள் தீபாவளி மருந்துக்காக முற்றத்தில் துணி விரித்து மிளகு காயப்போட்டாள். நான் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணலை எடுக்க அச்சைத் திறந்தேன். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் அத்தனையும் பொலபொலவென்று மிளகில் கொட்டிவிட்டன. இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு. சுளகில் அள்ளிப் புடைத்தால் மிளகு பறக்கும், இரும்பு தங்கும் என்று யோசித்தேன். யோசனையில் பிசகில்லை. சுளகு பிடிக்கத் தெரியாத கையில் இரண்டும் சேர்ந்து பறந்தன. பொறுக்கியதைப் போட்டு மூடினேன். இப்போது முன்சக்கரத்தைச் சுற்றினால் நறநறவென்று ஒரு சத்தமும் ரசம் கொதிக்கிற வாசமும் வருகின்றன. மருந்து கிண்டினால் அதில் என்ன இருக்குமோ, எனக்குத் தெரியாது. நீ தீபாவளிக்கு வந்தால் பார்த்து மெல்லு. சரஸ்வதி பூசைக்கு அவள் எல்லா உறுப்புகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்ததையும், மரையெல்லாம் சந்தனம் அடைத்துக்கொண்டதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. சாமி காரியம்.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை, சைக்கிளை விட்டுவிட்டு உன் அக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை தொடங்கிய நாளிலிருந்து அவள் போக்கே எனக்கு விளங்கவில்லை. விடியுமுன் எழுந்து ஞானசௌந்தரி டீச்சரோடு போய்விடுகிறாள். எங்கே என்றால் மைதானத்தில் நடக்கப் போகிறோம், உடம்புக்கு நல்லது என்கிறாள். கோயில் பிரகாரத்தை ஒரு சுற்றுக்கு மேல் சுற்றாதவள் நடந்து நடந்து வியர்வையில் குளித்து வருகிறாள். ஒரு நாள் முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். இன்னொரு நாள் முழங்கையில். ஒரு நாள் நெற்றியில் புடைப்பு. "ஒரே இடத்தில் நடப்பவளுக்கு இத்தனை இடத்தில் எப்படி அடிபடும்?" என்றால், "கல்லு தடுக்கிட்டு" என்கிறாள். சேலையில் ஊக்கு ஊக்காகக் குத்திக்கொள்கிறாள். கடையில் நூகு வைத்திருக்கும் ஒரு வண்டியைப் போய்ப் பார்த்து மாதிரி எடுத்துக்கொள்கிறேன் என்றால், "அந்தப் பக்கமே போவாதீய, பாத்ததுக்கும் கூலி கேப்பாவ" என்று வழிமறிக்கிறாள். அருமைத் தம்பியின் வண்டி துண்டு துண்டாகக் கிடப்பதைக் காணப் பொறுக்காமல், வீட்டில் இருக்க முடியாமல், கண்மண் தெரியாமல் நடந்து விழுந்து எழுந்து வருகிறாள் என்றுதான் நான் முடிவுக்கு வந்தேன். வேறென்ன நினைக்க முடியும், நீயே சொல்லு.

பின்சக்கரத்துப் பல்சக்கரம் எப்படி உட்கார வேண்டும் என்று தெரியாமல் அவளுக்குத் தெரியாமலேயே நூகு கடைக்குப் போனேன். "வாங்க அண்ணாச்சி! பதினாலு எப்படி இருக்கு?" என்றார் நூகு. வண்டியில் நீ எழுதி வைத்த எண் கடைத்தெரு வரைக்கும் பிரசித்தம் போலிருக்கிறது. கடையின் உட்பக்கம் ஒரு சைக்கிள் நின்றது. மாப்பிள்ளை, நீ அதை நேரில் பார்க்க வேண்டும். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. டைனமோ, விளக்கு, பச்சைக் கைப்பிடி, செயினுக்கு மூடி. ஹேண்டில்பாரில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஒயர்க்கூடை வேறு. உன் அக்காளும் இதே நிறத்தில் ஒன்று பின்னியிருக்கிறாள், பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரியைப் பார்த்துத்தான் பின்னுவார்கள் போல.

"இது ஆர் வண்டி வே?" என்று கேட்டேன்.

"அது ஒரு டீச்சரம்மா வண்டி அண்ணாச்சி. அறிவொளி டீச்சர். காலைல எடுத்துட்டுப் போவாவ, சாயங்காலமும் எடுப்பாவ, பத்திரமாக் கொண்டாந்து விட்டுருவாவ."

"வண்டியை இப்படி வச்சிருக்காளே. அந்த அம்மாவோட வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர் வே" என்றேன். நூகுக்கு அப்போது ஒரு இருமல் வந்தது பார், காற்றடிக்கும் பம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நான் கடையை விட்டு இறங்கும்வரை நிமிரவில்லை. பாவம், இந்த மழைக்கு எல்லோருக்கும் சளி. பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்க வந்ததை அந்த இருமலில் மறந்துவிட்டேன்.

உனக்கே தெரியும், உன் அக்காளும் ஆற்றங்கரைக் காலனியில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பு எடுக்கிறாள். சாயங்காலம் பஸ் கிடைக்காமல், வகுப்புக்கு வந்த பெண்கள் காத்திருந்து திரும்பிப் போனார்கள் என்று பலநாள் என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளுக்கு உறைக்கட்டும் என்று சொன்னேன். "உங்க அறிவொளியில ஒரு அம்மா சைக்கிள்லயே வகுப்புக்குப் போறாளாம். அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும். நீ இன்னும் பஸ்ஸுக்கு நில்லு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். கதவிடுக்கில் பார்த்தேன். தோள் குலுங்குகிறது. அழுகிறாள். மாப்பிள்ளை, கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை அழவைத்ததில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

அவளைச் சமாதானப்படுத்த ஒரே வழி வண்டியை முழுதாக ஓட்டிக்காட்டுவதுதான் என்று ராப்பகலாக உட்கார்ந்து மாட்டினேன். மிச்சச் சீட்டுகளின்படி, கிழக்கில் இருந்ததைக் கிழக்கிலும் மேற்கில் இருந்ததை மேற்கிலும் அணுவும் பிசகாமல் மாட்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. நேற்றுக் காலை வண்டியைப் பக்கச் சந்தில் தெருவைப் பார்த்து நிறுத்தி, பிள்ளையாரை நினைத்து ஏறி மிதித்தேன். மிதி சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் வேகமாக மிதித்தேன். உட்கார்ந்த இடத்திலேயே மாவாட்டுகிறேன். எதிர்வீட்டு வாசலில் இருந்து ஞானசௌந்தரி டீச்சர், "சார், எங்க கெளம்பிட்டீய?" என்றார்கள். பதில் சொல்லத் திரும்பியபோது கால் தவறிப் பின்பக்கமாக மிதித்துவிட்டேன். வண்டி கிளம்பிவிட்டது, பின்பக்கமாக. தெருவுக்குப் போக ஏறியவன், சந்து வழியாகப் பின்னாலேயே போய், புறப்பட்ட முற்றத்துக்கே வந்து, கொடிக்கம்பியில் காய்ந்த சேலையைத் தலையில் போர்த்திக்கொண்டு கிணற்றுச் சுவரில் மோதி நின்றேன். பின் மட்கார்டின் சிவப்புக் கண்ணாடி கிணற்றுக்குள் போனது. சைக்கிள் பின்னால் போகும் என்று நீ எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

உன் அக்காள் ஓடிவந்தாள். என்னைத் தூக்கிவிட்டு, அடிபட்டதா என்று தடவிப் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். "பல்சக்கரம் வலது கைப் பக்கம்லா வரணும்? எடது பக்கம் மாட்டி வச்சா முன்னால மிதிச்சா சும்மா சுத்தும், பின்னால மிதிச்சா பின்னாலதான் போவும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் சொல்லுகிறாள், மிளகு காயப்போட்ட அன்று வண்டியின் நிழல் துணியில் விழுகிறதென்று, நான் மத்தியானம் படுத்திருந்த நேரத்தில் சைக்கிள் கூட்டைப் பைய அப்படியே கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்தாளாம். கிழக்கு எங்கேயும் போகவில்லை, வண்டிதான் திரும்பிவிட்டது. அது போகட்டும். பல்சக்கரம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். "டீச்சர் சொன்னாவ" என்றாள். என் தலையில் கிடந்த சேலையை எடுத்துப் பார்த்தேன். கரையில் பல் பல்லாகக் கறுப்புக் கிரீஸ் அப்பியிருக்கிறது. நான் உன் வண்டிக்குப் போட்டதோ விளக்கெண்ணெய். இந்தக் கிரீஸ் எந்தச் சொத்தைச் சேர்ந்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இதுவரைக்கும் எல்லாம் தாங்கிக்கொண்டேன். இன்று காலை அவள் ஒயர்க்கூடையைத் திறந்து பார்த்தேன். பிறர் பையைத் திறக்கும் பழக்கம் எனக்கு இல்லை, ஆனாலும் திறந்தேன். உள்ளே ஒரு மாற்றுச்சேலை, துண்டு, வலித் தைலம், சில்லறை முடிந்த கைக்குட்டை. "எங்க போறே?" என்றேன். அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மாதிரி நிமிர்ந்து நின்றாள். அவள் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. "இனிமே நான் ஆரையும் எதிர்பாக்கப் போறதில்ல. எங்க போணும்னாலும் நானே போய்க்கிடுவேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாள். மாப்பிள்ளை, கோபத்தில் சொன்னால் ஆறிவிடும். சிரித்துக்கொண்டு சொன்னால் முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் பாகப்பிரிவினைக்கு வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? எனக்குக் காப்பிப்பொடி டப்பா எது என்றுகூடத் தெரியாது. அது இல்லாமல் இருந்துவிடலாம். மத்தியானம் பேச ஆள் இல்லாமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்து அவளிடம் நல்ல பேர் எடுக்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும், 'சைக்கிள் போனால் போகிறது, அத்தான்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரை மன்னித்துவிட்டேன், நீயும் மன்னித்துவிடு' என்று உன் அக்காள் பேருக்கு நாலு வரி எழுதிப் போடு. அவள் உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் சாப்பாடு போட்டு அடுத்த ரயிலிலேயே அனுப்பிவை. வண்டியின் நிலைமை பற்றி நீ எழுதிய பொய்களை நானும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பதவி உயர்வும், முடிந்தால் திருநெல்வேலிக்கே மாற்றலும் கிடைக்க அம்மையப்பரை வேண்டும்,

உன் அத்தான்,
ப. தில்லைநாயகம்.

பின்குறிப்பு: முழங்கால் வீக்கத்தால் நான் தபாலாபீசுக்கு நடக்க முடியாது. உன் அக்காளிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். அவள் படிப்பாள் என்ற பயம் வேண்டாம்.

ஏலே சங்கரு, அக்கா எழுதுதேன். சோத்துப் பருக்கையால ஒட்டியிருக்காவ, கை பட்டதும் திறந்துக்கிட்டு. தபாலாபீஸ் பெஞ்சில உக்காந்து முழுசும் படிச்சேன். பக்கத்துல மணியார்டருக்கு நின்ன கிழவி, என்னம்மா சேதி, எதுக்கு சிரிச்சு அழுதேன்னு கேக்கா.

உன் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல. நூகு அண்ணாச்சி கடையில நிக்கி. உன் அத்தான் பாத்து மலைச்சுப் போனாவள்லா, பச்சைக் கைப்பிடி வண்டி, அதுதான். உன் கடிதாசி வந்த வாரமே ஸ்பேனரோட அலைய ஆரம்பிச்சாவ. மிக்ஸிக்கு ஆன கதி உன் வண்டிக்கும் ஆவக்கூடாதுன்னு, நூகு அண்ணாச்சி வாடகைக்கு விட்டுத் தூக்கிப் போட்ட பதினாலாம் நம்பர் வண்டியக் கேட்டு வாங்கி, அந்த எடத்துல ஜமுக்காளத்தப் போட்டு நிறுத்தி வச்சேன். அவியளுக்கும் பொழுது போவும், என் கிரைண்டரும் தப்பிக்கும்னு நெனச்சேன்.

பொறவு உன் வண்டி சும்மாதான நிக்கின்னு ஞானசௌந்தரி டீச்சர் என்னை ஏத்திவிட்டாவ. இந்த வயசுலயா, ஊரு சிரிக்கும்னுதான் நானும் சொன்னேன். மைதானத்துல விழுந்தேன், எழுந்தேன், முழங்காலு பேந்துட்டு. இப்பம் ஆத்தங்கரைக் காலனிக்கு நானே போறேன். முந்தாநாள் நான் போய் எறங்கையில வகுப்புப் பொம்பளைய எல்லாம் பலகைய வச்சிட்டு எந்திரிச்சு நின்னுட்டாவலே. மாத்துச்சேலை கூடையில வச்சிருக்கது மழையில நனைஞ்சா மாத்திக்கிடத்தான். இவிய என்னன்னா ரயில் வரைக்கும் போயிட்டாவ.

தீபாவளிக்கு வா, ஆனா வண்டிய மட்டும் கேக்காத. நான் தரமாட்டேன். மன்னிச்சிட்டேன்னு உடனே எழுதிராத. இன்னைக்கு எனக்குன்னு அவியளே காப்பி போட்டாவ, காப்பிப்பொடின்னு கடுகுப்பொடிய போட்டு. இன்னும் ரெண்டு நாளாவது அந்தப் பொடி டப்பா எதுன்னு படிக்கட்டும்.

மத்தபடி நான் எங்கயும் போகலலே. அவியள விட்டுட்டு எங்க போவேன்? இப்பம் டபுள்ஸ் பழகுதேன். ஞானசௌந்தரி டீச்சர் தைரியமா பின்னால உக்காருதாவ. தீபாவளிக் காலைல உன் அத்தானுக்குப் புதுவேட்டி உடுத்தி, பின்னால உக்கார வச்சு, தெருவழியா முன்னாலயே மிதிச்சு நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போணும். உன் கேரியர் அவிய எடையத் தாங்குமா, நீ என்னைக்காவது விஜயஸ்ரீய வச்சு ஓட்டிப் பாத்திருக்கியா, அத மட்டும் உடனே எழுது.